யார் கைக்குப் போகிறது பணம்? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

கே: பூ விற்கும் பாட்டிகூட இப்போது கியூஆர் அட்டை வைத்திருக்கிறார். நீங்கள் மட்டும் இன்னும் சில்லறையை எண்ணிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஏன்? – வாசகர், கே.கே. நகர், மதுரை

ப: மருந்துக்கடைக்கும் கரண்ட் பில்லுக்கும் பால்காரருக்கும் நானும் போனில்தான் அனுப்புகிறேன். 2016இல் வந்த யுபிஐ தள்ளுவண்டி வரை போய்ச் சேர்ந்ததைப் பெரிய சாதனை என்றே நினைக்கிறேன். சில்லறைக்குப் பதில் மிட்டாயை நீட்டும் வழக்கம் ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சி. பூக்காரருக்கு மட்டும் ரொக்கமாகக் கொடுக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் தெருமுனையில் சாயங்காலம் மல்லிகை விற்க ஓர் அக்கா உட்காருவார். ஈரத்துணிக்கு அடியில் சரம் சுருண்டு கிடக்கும். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அளந்து, ஒரு விரற்கடை கூடவே விட்டு நறுக்குவார். கூடை விளிம்பில் அட்டை, பக்கத்தில் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி. பணம் வந்ததும் பெட்டி தொகையைச் சத்தமாகச் சொல்லும். "இது யார் கணக்கு அக்கா?" என்று கேட்டேன். "மகன் கணக்கும்மா. ராத்திரி கேட்டால் செலவாகிவிட்டது என்பான்" என்றார்.

முன்பு சுருக்குப்பையில் விழுந்த காசுக்கு அவர்தான் எஜமானி. வெற்றிலை, சர்க்கரை மாத்திரை, சீட்டுப் பணம், பேத்திக்குத் தின்பண்டம் எல்லாம் அதிலிருந்து நடந்தன. இப்போது வெயிலில் உட்காருவது அவர், பணம் போவது வேறு கணக்குக்கு. மாத்திரை வாங்கவும் மகனிடம் கை நீட்ட வேண்டியிருக்கிறது. சந்தையிலும் நடைபாதையிலும் விற்கும் வயதான பெண்களிடம் விசாரித்துப் பாருங்கள், இதே பதிலைப் பலர் சொல்வார்கள். 2023இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை வாங்கும் பெண்களுக்குச் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குக்கே ஓர் அட்டை வாங்கிக் கொடுக்க மகன்களுக்கு அரை நாள் போதும். அதைச் செய்துவிட்டு என்னிடம் வாருங்கள், நானும் போனை எடுக்கிறேன்.

கே: எங்கள் பக்கம் காதணி விழாக்களில் மொய் நோட்டு போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ரசீது அச்சடித்துத் தருகிறார்கள். இது முறையா? என் அப்பா முகம் சுளிக்கிறார். – வாசகி, உசிலம்பட்டி

ப: முறைதான். அப்பாவின் மனத்தாங்கலும் எனக்குப் புரிகிறது. ஊரில் கையெழுத்து நன்றாக உள்ளவரை அழைத்து, மேசை போட்டு, மஞ்சள் தடவிய நோட்டில் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குவது ஒரு மரியாதை. பெயரோடு ஊர், தகப்பனார் பெயர், பட்டப்பெயர் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதுவார். ஒரே தெருவில் நான்கு கருப்பையா இருந்தாலும் அவருக்குக் குழப்பம் வராது.

ஆனால் செய்முறை என்பது என்ன? வட்டியில்லாமல், பத்திரமில்லாமல் உறவுக்குள் சுற்றி வரும் கடன். அந்தக் கடனுக்கு ஒரே சாட்சி அந்த நோட்டு. நோட்டு யார் பெட்டியில் இருக்கிறதோ அவர் கையில்தான் கணக்கும் இருக்கிறது. கணவர் இறந்தபின் நோட்டு கொழுந்தனார் வீட்டுக்குப் போய்விட, யார் யார் தனக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதே தெரியாமல் மகள் கல்யாணத்தை நடத்திய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். நாற்பது பக்க நோட்டில் பாதி அவர் உழைப்பில் போட்ட மொய். ஊர்வாரியாக அச்சடித்த பட்டியல் அவரிடம் ஒரு பிரதி இருந்திருந்தால் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியிருந்திருக்காது. ஆகவே கம்ப்யூட்டர் வைக்கட்டும். பட்டியலில் ஒரு பிரதி வீட்டுப் பெண் கையில் இருக்கட்டும் என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள்.

எனக்குப் பிடிக்காதது மைக். ஒவ்வொரு தொகையையும் மண்டபம் அதிர வாசிக்கிறார்கள். செக்கானூரணிப் பக்கம் ஒரு விழாவில் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அம்மா நின்றார். முந்தானை முடிச்சில் இரண்டு நூறு ரூபாய்த் தாள்கள், நான்காக மடித்தவை. ஐயாயிரம், பத்தாயிரம் என்று மைக்கில் வர வர முடிச்சைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு வரிசையை விட்டு விலகிச் சுவரோரம் போய் நின்றுவிட்டார். கூலி வேலையில் மிச்சம் பிடித்த இருநூறு அது. தொகையை வாசிப்பதை நிறுத்துங்கள். வந்தவர் பெயரையும் ஊரையும் சொன்னால் போதும்.

கே: ஓய்வு பெற்ற என் அண்ணன் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிய கும்பலிடம் சேமிப்பை இழந்தார். படித்தவர் இப்படியா ஏமாறுவது என்று வீட்டில் எல்லோரும் திட்டுகிறார்கள். – வாசகர், திருமங்கலம்

ப: முதலில் திட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலை பார்த்தவள். வெளியூருக்குப் பேச ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்கு ஏற்ப டிரங்க் கால் பதிவு செய்த காலம். லைட்னிங் காலுக்குச் சாதாரணக் கட்டணத்தைப் போல எட்டு மடங்கு. அந்தத் தலைமுறைக்குப் போன் மணி அடித்தால் சாவு, பிறப்பு, வேலை உத்தரவு என்று ஏதோ ஓர் உண்மை வருகிறது என்றுதான் பொருள். போனில் வரும் குரலை நம்பியே வளர்ந்தவர்களைக் குறி பார்த்துத்தான் இந்தத் திருடர்கள் அடிக்கிறார்கள். சீருடை, முத்திரை வைத்த கடிதம், பின்னால் காவல் நிலையம் போல ஓர் அறை, எல்லாம் போட்ட வேடம்.

நம் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்றுமே கிடையாது. எந்த அதிகாரியும் வீடியோவில் யாரையும் காவலில் வைக்க முடியாது. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும், வங்கிக்கும் சொல்ல வேண்டும். பணம் கணக்கு மாறி மாறி ஓடுவதற்குள் முடக்கினால்தான் மீளும் வாய்ப்பு. வீட்டில் திட்டு விழும் என்ற பயத்தில் இரண்டு நாள் மறைத்து வைப்பவர்கள் அந்த வாய்ப்பையும் இழக்கிறார்கள்.

கே: வாடகை வீடு தேடுகிறேன். செயலியில் தண்ணீர் வசதி வரை போட்டிருக்கிறார்கள். போன் செய்தால் முதல் கேள்வியே "நீங்கள் என்ன ஆட்கள்?" – வாசகர், திருநகர்

ப: உங்கள் கடிதத்தைப் படித்துக் கொதித்துப் போனேன். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடந்த ஊர் இது. அன்று நுழைந்தவர்களில் மேலூர்ப் பக்கத்துக் கக்கனும் ஒருவர், பின்னாளில் அமைச்சரானவர். அதே மாவட்டத்தில், தலித் மக்களைப் பிரித்து வைக்க எழுப்பிய உத்தப்புரத்துச் சுவரில் ஒரு பகுதியை உடைத்துப் பாதை திறக்க 2008 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அம்மன் சன்னதிக்குள் போக முடிந்தவருக்கு மாடிப் போர்ஷனுக்குள் போக முடியவில்லை. செயலிகளில் 'சைவம் மட்டும்' என்று ஒரு கட்டம் வேறு. அது யாரை வடிகட்ட என்பது போட்டவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விடும்போது எத்தனை பேர், என்ன வேலை, வண்டி உண்டா என்று மட்டும்தான் கேட்கிறோம். இதுவரை குடியிருந்தவர்கள் யாராலும் எங்களுக்கு ஒரு குறையும் வந்ததில்லை. அந்தக் கேள்விக்கு நீங்கள் பொய் சொல்லவும் வேண்டாம், மெய் சொல்லவும் வேண்டாம். "அட்வான்ஸ் எவ்வளவு?" என்று திருப்பிக் கேளுங்கள். இதை வாசிக்கும் வீட்டுக்காரர்களே, தயவுசெய்து அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

கே: பெண்களுக்கு இலவசம் என்றதிலிருந்து பஸ்ஸில் கால் வைக்க இடமில்லையே? – வாசகர், வாடிப்பட்டி

ப: 2021 மே மாதம் சாதாரண நகரப் பஸ்களில் அது வந்தது. அதற்கு முன் அந்தப் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று யோசித்தீர்களா? நடந்தார்கள், அல்லது வீட்டிலேயே இருந்தார்கள். ஜவுளிக்கடைச் சம்பளத்தில் பஸ்ஸுக்குப் போனது இன்று கையில் மிஞ்சுகிறது. கூட்டம் என்றால் கூடுதல் பஸ் கேட்டு மனுக் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கே: மதுரையில் பிறந்த தொழில்நுட்பத்தில் நீங்கள் மனதார மெச்சுவது? – வாசகி, மேலூர்

ப: கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ். என் அம்மாவுக்குப் புரை எடுத்த காலத்தில் லென்ஸ் வைக்கும் வழக்கம் வரவில்லை. சோடாபுட்டிக் கண்ணாடிதான். நேரே பார்த்தால் எல்லாம் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. படி இறங்கும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொள்வார். டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் அறுவை செய்தவர், ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்ததால் 1992இல் அரோலேப் என்ற பெயரில் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். விலை பல மடங்கு இறங்கியது. என் சித்திக்கு அந்த லென்ஸ்தான். மறுவாரமே அரிசியில் கல் பொறுக்கினார், யார் தோளும் தேவைப்படவில்லை.

கே: கல்லூரிப் பேச்சுப் போட்டிக்கு 'வைகை' தலைப்பு. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டேன், அழகாக எழுதிக் கொடுத்தது. மனப்பாடம் செய்து பேசலாமா? – மாணவி, மதுரை

ப: வேண்டாம் தாயே. நீங்கள் அனுப்பிய உரையைப் படித்தேன். வைகை என்ற இடத்தில் காவிரி என்று போட்டாலும் ஒரு வரி மாற வேண்டியதில்லை. தகவல் சரிபார்க்க, எழுத்துப்பிழை பார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு ஏ.வி. பாலத்தில் காலையில் போய் நில்லுங்கள். ஆகாயத்தாமரை எதுவரை படர்ந்திருக்கிறது, சாக்கடை எந்த இடத்தில் வந்து கலக்கிறது, ஆற்றுக்குள் என்ன மேய்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடித்த கதை உங்கள் அப்பத்தாவிடம் இருக்கும், கேளுங்கள். அணை வந்த 1959க்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதற்கு நத்தம் சாலையில் கலைஞர் நூலகம் இருக்கிறது, ஒரு மத்தியானம் ஒதுக்குங்கள். போட்டியில் என்ன பேசினீர்கள் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள், பரிசு வந்தாலும் வராவிட்டாலும்.