தொண்டும் தொழிலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உயிரியல் இளங்கலை முடித்து ஒரு வருடமாகிறது. நீட் தேர்வை இரண்டு முறை எழுதியும் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. அடுத்து என்ன படிப்பது என்று தெரியாமல் இருக்கும்போது, தான்சானியாவில் ஒரு மருத்துவமனையில் நான்கு வாரம் தன்னார்வலராக இருக்கலாம் என்று ஒரு முகவர் சொல்கிறார். விமான டிக்கெட்டுடன் இரண்டரை லட்ச ரூபாய். பிரசவம் பார்க்கவும் தையல் போடவும்கூட வாய்ப்புத் தருவார்களாம். அப்பா கடன் வாங்கித் தரத் தயாராக இருக்கிறார். வெளிநாட்டில் தொண்டு செய்யப் போய்த் தங்கள் தொழிலைக் கண்டுகொண்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கும் அப்படி ஒரு பாதை தெரியுமா? போகலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த முகவரிடம் பணம் கட்டாதீர்கள். அப்பாவைக் கடன் வாங்க விடாதீர்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத முடிகிறது.

பிரசவம் பார்க்கலாம் என்ற வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. திருச்சி அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்க்க உங்களை விடுவார்களா? விட்டால், படுத்திருக்கும் பெண்ணின் தாய் சும்மா இருப்பாளா? தான்சானியாவில் படுத்திருப்பவளும் ஒருத்தி பெற்ற மகள்தான். அவள் ஏழை, கேட்க ஆளில்லை என்ற துணிச்சலில்தான் அவள் உடலுக்கு இரண்டரை லட்சம் விலை சொல்கிறார்கள். நீங்கள் நல்ல மனதோடுதான் போவீர்கள். நீங்கள் போட்ட தையலில் சீழ் பிடிக்கும்போது ஊர் திரும்பியிருப்பீர்கள்.

ஆனால் உங்கள் கேள்வி உண்மையான கேள்வி. அப்படிப் பாதையைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். என் மனதை விட்டு நீங்காத இருவரைச் சொல்கிறேன்.

1983இல் ஹைட்டி நாட்டின் மிர்பலே என்ற ஊரில் இருவர் சந்தித்துக்கொண்டார்கள். பால் ஃபார்மர், 23 வயது, மானுடவியல் படித்த அமெரிக்கர். ஒஃபீலியா டால், 18 வயது, கண் சிகிச்சை அமைப்பு ஒன்றில் தொண்டு செய்ய வந்த ஆங்கிலேயப் பெண். இருவருக்கும் மருத்துவம் தெரியாது.

அந்த ஆண்டு லியோகான் என்ற ஊரின் மருத்துவமனையில் ஃபார்மர் தன்னார்வலராக இருந்தார். மலேரியா முற்றிய ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் தேவைப்பட்டது. அங்கே ரத்தமில்லை, தலைநகருக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்கிவர வேண்டும். ஃபார்மர் அங்குமிங்கும் ஓடி 15 டாலர் திரட்டி அவளுடைய சகோதரியிடம் கொடுத்தார். அது போதவில்லை. அவள் இறந்துபோனாள். ஏழை என்றால் ரத்தம்கூடக் கிடைக்காதா, நாம் எல்லாரும் மனிதர்கள்தானே என்று அந்தச் சகோதரி அழுதாள். ஊசியைக் கையில் எடுக்கத் தெரியாத ஓர் இளைஞன் செய்ய முடிந்ததெல்லாம் அந்த ஓட்டம்தான். அந்த ஓட்டம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் நிற்கவில்லை.

பிறகு அவர் கான்ஜ் என்ற சிற்றூருக்குப் போனார். பெலீக்ர் அணை கட்டியபோது வயல்களை இழந்து மேட்டுக்கு ஏறிய விவசாயிகளின் ஊர். கிரியோல் மொழி கற்று, வீடு வீடாகப் போய் யார் எதனால் சாகிறார்கள் என்று விசாரித்தார். 1984இல் ஹார்வர்டில் மருத்துவம் படிக்கச் சேர்ந்த பிறகும் புத்தகங்களோடு கான்ஜுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். 1987இல் அவரும் டாலும் நண்பர்களும் சேர்ந்து பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கான்ஜில் காசநோயாளிகளை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு இலவச மருந்து மட்டும். மற்றதற்கு மருந்தோடு, உணவுக்கும் வழிச்செலவுக்கும் மாதம் சிறு தொகை, வீடு தேடி வரும் ஓர் உள்ளூர்ப் பணியாளர். முதல் பிரிவில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் குணமானார்கள். இரண்டாவது பிரிவில் எல்லாரும் குணமானார்கள். மாத்திரை இரண்டு பிரிவுக்கும் ஒன்றுதான். கைக்கு வந்த அந்தச் சிறு தொகையும், வாசலில் வந்து நின்று "சாப்பிட்டாயா?" என்று கேட்ட பக்கத்து வீட்டு மனுஷியும்தான் வித்தியாசம். வீடு தேடி வரும் இந்தப் பணியாளர்களை அங்கே அழைக்கும் சொல்லுக்குக் கூட வருபவர் என்று பொருள். சம்பளம் வாங்கும் மருத்துவப் பணியாளர்கள் அவர்கள். மருத்துவம் என்றால் டாக்டர் மட்டுமே என்று நம் வீடுகளில் சொல்லிச்சொல்லி வளர்த்ததில் எத்தனை பிள்ளைகள் நீட் முடிவு வந்த நாளோடு நொறுங்கிப்போனார்கள்! எனக்கு அது ஆறவே ஆறாது.

டால் மருத்துவரானதில்லை. பல ஆண்டுகள் அந்த அமைப்பைத் தலைமையேற்று நடத்தினார். 2013இல் அவர்கள் 300 படுக்கைகள் கொண்ட ஒரு போதனா மருத்துவமனையைத் திறந்தார்கள். இருவரும் முதலில் சந்தித்த அதே மிர்பலேயில்.

உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளரைப் பாருங்கள். இரண்டு மாதம் எந்த வேலை தந்தாலும் செய்கிறேன் என்று சொல்லுங்கள். சக்கர நாற்காலி தள்ளுங்கள், படிக்கத் தெரியாதவருக்குச் சீட்டைப் படித்துக் காட்டுங்கள். டயாலிசிஸ் பிரிவில் எந்திரத்தைக் கவனிக்கும் தொழில்நுட்பர், பக்கவாதம் வந்தவரை எழுப்பி நிறுத்தும் பிசியோதெரபிஸ்ட், இரவுப் பணிச் செவிலியர், ஆய்வகத்தில் சளி மாதிரி பார்ப்பவர் எல்லாரையும் அருகிலிருந்து பாருங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் படிப்பு இருக்கிறது. உங்கள் உயிரியல் பட்டமும் வீணாகாது.

தான்சானியாவுக்கு ஒருநாள் போங்கள். கையில் ஒரு தொழிலோடு, கொஞ்சம் சுவாஹிலி கற்றுக்கொண்டு, அங்குள்ளவர்கள் உங்களை அழைக்கும்போது போங்கள்.

இரண்டு மாதம் கழித்து, எந்த வார்டில் நேரம் போனதே தெரியவில்லை என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.