"கொசு கடிச்சா எய்ட்ஸ் வருமா, டீச்சர்?"

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்தையொட்டி ஒன்பதாம் வகுப்புக்கு எச்.ஐ.வி. பற்றிப் பாடம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். போன வருஷம் வெளியிலிருந்து வந்து பேசியவர் புண்ணும் எலும்புமாகப் படங்கள் காட்டினார். பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு கேள்விகூட வரவில்லை. எப்படித் தொடங்குவது?
- ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்: வெட்கம் மட்டும் காரணமில்லை. கை தூக்கினால் 'உனக்கெதுக்கு இது?' என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயம்தான். அதனால் கேட்டது யாரென்று தெரியாமல் கேட்க வழி செய்யுங்கள்.

பாடத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரே அளவில் வெட்டிய தாள்களை எல்லோருக்கும் கொடுங்கள். எல்லோரும் பென்சிலால் எழுதட்டும். கேள்வி இல்லாதவர்கள் ஒரு திருக்குறளை எழுதிப் போடட்டும். இல்லாவிட்டால் குனிந்து எழுதுகிற நாலைந்து பேர் மாட்டிக்கொள்வார்கள். சீட்டுகளைச் சேகரிக்கும் வேலையை வகுப்புத் தலைவனிடம் விடாதீர்கள். வகுப்பில் பிரித்துப் படிக்கவும் வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து கேள்விகளை உங்கள் வார்த்தையில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழையை வைத்தே ஆளைக் கண்டுபிடிப்பதில் ஒன்பதாம் வகுப்பு கெட்டி.

கொசு பற்றிய கேள்வி நிச்சயம் வரும். 'பரவாது' என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால், 'மலேரியா மட்டும் வருதே?' என்று நியாயமாகவே கேட்பார்கள். மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர்ந்து அதன் எச்சில் சுரப்பிக்கு வந்து சேர்கிறது. எச்.ஐ.வி. கொசுவுக்குள் பெருகாது, உறிஞ்சிய ரத்தத்தோடு செரித்துப்போகும். அடுத்த ஆளைக் கடிக்கும்போது கொசு செலுத்துவது தன் எச்சிலைத்தான், பழைய ரத்தத்தை அல்ல. அதே மூச்சில் திருவிழாக் கடைகளில் பச்சை குத்துவதைப் பற்றியும் சொல்லுங்கள். ஊசியை மாற்றினால் மட்டும் போதாது. பலருக்கும் தொட்ட ஒரே மைக்கிண்ணமும் ஆபத்து.

தொற்று எப்படிப் பரவுகிறது என்பதை ஒரு விளையாட்டாகக் காட்டலாம். காரத்தில் இளஞ்சிவப்பாக மாறும் பினாப்தலின் உங்கள் ஆய்வகத்தில் இருக்கும். 40 கப்புகளில் பாதியளவு தண்ணீர் ஊற்றி எண் போடுங்கள். ஒன்றில் மட்டும் அரை டீஸ்பூன் சலவைச் சோடாவைக் கரையுங்கள். சமையல் சோடா போட்டால் நிறம் சரியாக வராது, காரத்தன்மை போதாது. ஒருவர் தன் கப்பை மற்றவர் கப்பில் முழுதாக ஊற்றி, பாதியைத் திரும்ப வாங்க வேண்டும். ஆளை மாற்றி மாற்றி மூன்று சுற்று. ஐந்தாறு பேர் யாரிடமும் மாற்றாமல் இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு கப்பிலும் இரண்டு சொட்டு பினாப்தலின். ஒன்றிலிருந்து அதிகபட்சம் எட்டு கப் இளஞ்சிவப்பாகும். யாரும் குடிக்கக் கூடாது. முடிந்ததும் கை கழுவ வேண்டும்.

இது சொதப்புவது கேலியில்தான். 'உனக்கு எய்ட்ஸ்டா' என்று ஒருவன் தொடங்கினால் பாடம் அங்கேயே முடிந்தது. கப்புகளை மேசையில் வைத்து, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்ன பிறகு சொட்டு விடுங்கள். முதல் கப் எதுவென்று கடைசிவரை சொல்லாதீர்கள். நிஜத்தில் ஒவ்வொரு உறவிலும் தொற்று பரவிவிடுவதில்லை, பார்த்து யாரையும் கண்டுபிடிக்கவும் முடியாது, பரிசோதனைதான் வழி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆணுறுப்பு, விந்து, ஆணுறை போன்ற சொற்களை முந்தின நாளே சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். நீங்கள் தயங்கினால் சிரிப்பு நிற்காது. 'தப்பான நடத்தையால் வருவது', 'ஆட்கொல்லி நோய்' இரண்டையும் விட்டுவிடுங்கள். பிறக்கும்போதே தொற்று வந்து, தினமும் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வரும் பிள்ளை அதே வகுப்பில் இருக்கலாம். கூட்டு மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகப் பிறருக்குப் பரவாது. யாருடைய நிலையையும் வெளியே சொல்வதும், அதற்காகப் பள்ளியில் ஒதுக்குவதும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. இது ஆசிரியர் அறைப் பேச்சுக்கும் பொருந்தும். பரிசோதனைக்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையம், சந்தேகத்துக்கு 1097 என்ற உதவி எண்.

சீட்டில் ஏதாவது ஒன்று 'மாமா தொடுகிறார்' என்ற மாதிரி இருந்தால், எழுதியவரை வகுப்பில் தேடாதீர்கள். 'எழுதியவர் எந்த நேரமும் என்னிடம் வரலாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் பேசலாம்' என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். பிள்ளை வந்து சொன்னால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அதனால் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மற்ற சீட்டுகளைப் பாடம் முடிந்ததும் எரித்துவிடுங்கள். அந்த ஒன்றை மட்டும் பத்திரமாக வையுங்கள்.