குகைப் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மலையேற்றத்தில் ஓரளவு பழக்கமுள்ள நான், குகைகளுக்குள் சென்றுவரும் பொழுதுபோக்கிலும் இறங்க விரும்புகிறேன். நானும் ஒரு நண்பரும் மட்டும் போய்வரலாமா? எதையெல்லாம் வாங்க வேண்டும்?

பதில்: பொருட்களுக்கு முன் ஆட்களைத் தேடுங்கள். குகைப் பயணத்தில் தேர்ந்தவர்களின் குழு ஒன்றில் சேர்ந்து, அவர்கள் பலமுறை போய்வந்த எளிய குகையொன்றில், கயிறு தேவைப்படாத வழியில் தொடங்குவதே முறை. குறைந்தது நான்கு பேர் என்பது பழைய வழக்கம்: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணையிருக்க, மற்ற இருவரும் சேர்ந்து வெளியே சென்று உதவி கேட்கலாம். பாறைக்கு அடியில் கைபேசி எடுக்காது என்பதால், இரண்டே பேராகச் சென்றால் காயம்பட்டவரை இருட்டில் தனியே விட்டுவிட்டுத்தான் மற்றவர் வெளியேற வேண்டியிருக்கும்.

அனுபவம் இருந்தால் தனியாகவே போகலாமே என்று நினைப்பவர்களுக்கு ஃபிளாய்ட் காலின்ஸின் கதையைச் சொல்வதுண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பல குகைகளை ஆராய்ந்திருந்த அவர், 1925 ஜனவரி 30 அன்று தனியாகச் சென்ற குகையில், குறுகிய இடுக்கு வழியே திரும்பும்போது பெயர்ந்து விழுந்த கல்லில் கால் சிக்கிக்கொண்டார். அந்தக் கல்லின் எடை ஏறத்தாழ 12 கிலோதான். இரண்டு வாரங்களுக்கு மேல் போராடியும் அவரை உயிருடன் மீட்க முடியவில்லை.

வாங்க வேண்டியவற்றில் வெளிச்சத்துக்கே முதலிடம். ஒவ்வொருவரிடமும் ஒன்றையொன்று சாராத மூன்று விளக்குகள் இருக்க வேண்டும். முதன்மை விளக்கு ஹெல்மெட்டில் பொருந்தியிருந்தால்தான் ஏறவும் தவழவும் இரு கைகளும் கிடைக்கும். கைபேசியின் டார்ச்சை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஹெல்மெட் தாடைப்பட்டையுடன் கூடிய, பாறையேறுபவர்கள் அணியும் வகையாக இருக்கட்டும். உடையில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். குகையின் உட்பகுதி வெப்பநிலை, அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருப்பதால், குளிர்ப் பிரதேசங்களில் கோடையிலும் உள்ளே குளிரும். நனைந்த பருத்தித் துணி உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே ஜீன்ஸ் வேண்டாம், கம்பளியோ செயற்கை இழையோ போதும். நல்ல பிடிமானமுள்ள காலணி, கையுறை, முழங்கால் உறை, தண்ணீர், நசுங்கினாலும் சாப்பிடக்கூடிய உணவு ஆகியவற்றுடன் பை நிறைந்துவிடும். விலையுயர்ந்தவற்றை முதல் பயணத்துக்கு இரவல் வாங்குங்கள். இந்தச் சேறும் இருட்டும் உங்களுக்குப் பிடிக்குமா என்பதே இன்னும் தெரியாதே!

கேள்வி: வெளியே மழை பெய்தால் குகைக்குள் இருப்பவருக்கு என்ன?

பதில்: பெரும்பாலான குகைகளைக் குடைந்ததே தண்ணீர்தான், மழை பெய்தால் அது தன் பழைய வழிக்கே திரும்புகிறது. தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 2018 ஜூன் 23 அன்று சென்ற 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும், மழைவெள்ளம் வழியை அடைத்ததால் உள்ளே மாட்டிக்கொண்டனர். ஜூலை 2 அன்றுதான் அவர்கள் இருக்குமிடமே தெரிந்தது. கடைசியானவர்கள் வெளியே வந்தது ஜூலை 10 அன்று. வாசலுக்கு மேலே வானம் தெளிவாக இருப்பது மட்டும் போதாது. அந்தக் குகைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்து சேர்கிறதோ அந்த நிலப்பரப்பின் வானிலையைப் பார்க்க வேண்டும். கூரைப் பிளவுகளில் சருகும் சுள்ளியும் செருகியிருந்தால், வெள்ளம் அதுவரை ஏறியிருக்கிறது என்று பொருள்.

கேள்வி: நினைவுக்காகக் கூரையில் தொங்கும் சுண்ணாம்புக்கல் விழுதின் ஒரு துண்டை எடுத்துவரலாமா?

பதில்: கூடாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சொட்டுச் சொட்டாக வளர்ந்தது அது. கைபட்டால் தோலின் எண்ணெய்ப்பசை ஒட்டி வளர்ச்சி தடைபடக்கூடும். தூங்கும் வௌவால்களையும் எழுப்பாதீர்கள். வட அமெரிக்காவில் 2006 முதல் கோடிக்கணக்கில்லாவிட்டாலும் பல லட்சம் வௌவால்களைக் கொன்ற வெள்ளைமூக்கு நோயின் பூஞ்சை, உடையிலும் காலணியிலும் ஒட்டிக்கொண்டு குகைவிட்டுக் குகை போகக்கூடியது. ஒரு குகையில் பயன்படுத்தியவற்றை முறைப்படி சுத்தம் செய்யாமல் அடுத்ததற்குள் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: வீட்டில் மிகவும் பயப்படுகிறார்கள். சொல்லாமல் போய்வந்துவிடலாமா?

பதில்: எதைச் செய்தாலும் அதை மட்டும் செய்யாதீர்கள். குகையின் பெயர், நுழையும் வாயில், உடன் வருபவர்கள், வெளியே வரும் நேரம், எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும், அதன் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி, நிதானமான ஒருவரிடம் கொடுங்கள். வீட்டில் பயப்படுபவர்களிடம் கொடுக்க விருப்பமில்லை என்றால் நண்பர் ஒருவரிடம் கொடுக்கலாம். உள்ளே சென்றபின் ஆசைப்பட்டு வழியை மாற்றினால் அந்தத் தாளுக்குப் பயனில்லை. வெளியே வந்தவுடன், சேற்றுக் காலணியைக் கழற்றுவதற்கும் முன்பாக, அவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். களைப்பில் மறந்து தூங்கிப்போனவரைத் தேடி, நள்ளிரவில் மீட்புக் குழு குகைக்குள் இறங்கும்படி ஆகிவிடக் கூடாது.