ஒரே ஆள் இரண்டு இடத்தில் தெரிந்தால்

கேள்வி: ஹாம் ரேடியோவின் 40 மீட்டர் அலைவரிசையைக் கணினி மென்பொருள் வழியாகக் கேட்க உதவும் சாஃப்ட்ராக் வகை ரிசீவர் கிட்டை நானே சால்டரிங் செய்து, லேப்டாப்பின் மைக் ஜாக்கில் கொடுத்திருக்கிறேன். நடு அலைவெண் 7.056 மெகாஹெர்ட்ஸ். 7.066-ல் பேசுகிறவர், திரையில் 7.046-லும் அதே பலத்தில் தெரிகிறார். சர்வீஸ் கடையில் சவுண்ட் ஐசி போய்விட்டது, போர்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். புது போர்டு போட்டாலும் அவர் இரண்டு இடத்தில்தான் நிற்பார்.

உங்கள் கிட்டிலிருந்து ஐ, க்யூ என்று இரண்டு சிக்னல்கள் வருகின்றன. இரண்டுக்கும் கால் சுற்று வித்தியாசம். எது முந்துகிறது என்று பார்த்துத்தான், ஆள் 7.056-க்கு மேலே இருக்கிறாரா கீழே இருக்கிறாரா என்று மென்பொருள் கண்டுபிடிக்கிறது. லேப்டாப் மைக் ஜாக் பெரும்பாலும் மோனோ. இரண்டு கம்பி கொடுத்தாலும் ஒன்றைத்தான் கேட்கும். மேலா கீழா என்று புரியாமல் மென்பொருள் இரண்டு பக்கமும் போட்டுவிடுகிறது.

சோதிக்க வேண்டுமா? கேபிளை ரிசீவரிலிருந்து கழற்றுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஸ்டீரியோ ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, கையில் இருக்கும் பிளக்கின் நுனியை விரலால் தொடுங்கள். அப்புறம் நடு வளையத்தைத் தொடுங்கள். ஒன்றுக்கு மேல் கோடும் மற்றதற்குக் கீழ்க் கோடும் ஆட வேண்டும். எதைத் தொட்டாலும் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தால், மோனோதான்.

அடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரியும். சில நூறு ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குவீர்கள். அட்டையில் 7.1, அதாவது எட்டு சேனல் ஒலி, என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது வெளியே போகிற சத்தத்தின் கணக்கு. அதுவும் மென்பொருள் காட்டுகிற பாவனை. இருப்பதே ஹெட்போனுக்கு ஒரு துளை, மைக்குக்கு ஒரு துளை. எட்டு சேனல் எங்கிருந்து வரும்? மைக் துளை அதே பழைய மோனோ. விற்பவரைக் கேட்டால் ‘ஸ்டீரியோதான் சார்’ என்பார். அவர் சொல்வது ஹெட்போனை. இப்படி வாங்கியதில் இரண்டு என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. மைக்குக்கு இல்லாமல் வேறு கருவியின் ஒலியை உள்ளே வாங்கும் துளைக்கு லைன்-இன் என்று பெயர். ‘உள்ளே வருவது ஸ்டீரியோ லைன்-இன்தானா?’ என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். மழுப்பினால் வந்துவிடுங்கள்.

பெரிங்கர் யூசிஏ202 என்ற யூஎஸ்பி சவுண்ட் கார்டு போல, உள்ளீட்டுக்குச் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ துளைகள் உள்ளது போதும். அது 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 முறை, ஒலியைச் சாம்பிள் எடுக்கும், அதனால் 7.032 முதல் 7.080 வரை திரையில் விரியும். வீட்டில் பழைய டெஸ்க்டாப் இருந்தால் அதன் பின்னால் நீல ஜாக்கைத் தேடுங்கள். அதுதான் ஸ்டீரியோ லைன்-இன், செலவே இல்லை. லேப்டாப்பை மெலிதாக்குகிறேன் என்று கம்பெனிகள் பிடுங்கிப் போட்டது இதைத்தான். ஹாம் உரிமத்துக்கே மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவன், ஒரு துளைக்காகவும் கடை கடையாக அலைய வேண்டும்!

இதில் ஒரு விலக்கு உண்டு. ஆர்டிஎல் டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர்) வைத்திருப்பவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அதிலும் ஐ, க்யூ உண்டு. ஆனால் டாங்கிளுக்குள்ளேயே எண்களாக மாறி, யூஎஸ்பி வழியாக நேரே மென்பொருளுக்குப் போய்விடும். மைக் ஜாக் வழியில் வருவதே இல்லை. அவர்களுக்கு சவுண்ட் கார்டு ஸ்பீக்கரில் கேட்க மட்டும்தான். ‘டாங்கிளில் சத்தம் விட்டுவிட்டு வருகிறது, நல்ல சவுண்ட் கார்டு வாங்கவா?’ என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேண்டாம். யூஎஸ்பி போர்ட்டை மாற்றுங்கள், மென்பொருளில் சாம்பிள் எடுக்கும் வேகத்தைக் குறையுங்கள். மறுபடி சொல்கிறேன்: டாங்கிளுக்கு லைன்-இன் வேண்டாம், உங்கள் கிட்டுக்குக் கட்டாயம் வேண்டும்.

புதுக் கார்டைச் செருகியதும், விண்டோஸின் ரெக்கார்டிங் அமைப்பில் 2 சேனல், 48000 ஹெர்ட்ஸ் வையுங்கள். இரைச்சல் குறைப்பு, எதிரொலி நீக்கம் எல்லாவற்றையும் அணையுங்கள். அவை மனிதக் குரலுக்குச் செய்தவை, மோர்ஸ் ஒலியைக்கூட இரைச்சல் என்று அமுக்கிவிடும். உறுமல் கேட்டால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்.

அதற்கப்புறமும் 7.046-ல் மெல்லிய நிழல் இருந்தால், மென்பொருளில் ஐ-க்யூ சமன்படுத்தும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி மங்கவையுங்கள். நிழல் 7.066-லும் ஆள் 7.046-லும் இருந்தால், சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிச் செருகுங்கள்.