தவணை கட்டப்போவது தாய்மாமன் அல்ல

அன்புள்ள அம்மா,

நியூ மெக்சிகோவின் கேலப் நகரிலிருந்து மகனோடும் அண்ணனோடும் வந்திருந்தீர்கள். ஆறுதலாகத்தான் பேச்சைத் தொடங்கினேன். வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கட்டணத் தாளை அண்ணன் மேசைமேல் விரித்த பிறகு அதற்கு மனம் வரவில்லை. கணிதத்தைக் கண்டாலே ஒதுங்கும் பிள்ளையின் பெயரில் அவ்வளவு கடன் ஏறுவதை நான் ஒப்பமாட்டேன். அமெரிக்கப் பழங்குடியினரான உங்கள் நவஹோ மக்களின் குடும்பத்தில் தாய்மாமன் சொல்லுக்கு உள்ள மதிப்பை அறிவேன். ஆனால் தவணை கட்டப்போவது அவர் அல்ல.

செவிலியர் படிப்பு, கணினி என்று சொல்ல ஊரில் பலர் இருக்கிறார்கள். தாத்தாவின் வெள்ளிப் பட்டறையைத்தான் ஒருவரும் சொல்லவில்லை. அண்ணனோ அதைப் படிக்காதவன் பிழைப்பு என்றார். உங்கள் மகன் வார்த்த காப்பை அவர் கையில் எடுத்துப் பார்க்கவே இல்லை. டூஃபா என்னும் மென்மையான எரிமலைக் கல்லை இரண்டாக அறுத்து, ஒரு பாதியில் உருவத்தைத் தலைகீழாகச் செதுக்கி, வெள்ளி இறங்க வாயும் காற்று வெளியேற நுண்ணிய வழிகளும் வெட்டி, உட்புறத்துக்குப் புகைக்கரி ஏற்றி, பாதிகளைச் சேர்த்துக் கட்டிய பின்பே உருகிய வெள்ளியை ஊற்றுகிறார்கள். 925 தர வெள்ளி ஏறத்தாழ 890 டிகிரி செல்சியஸில் உருகும்; கல்லின் சொரசொரப்பு அப்படியே காப்பில் பதிந்துவிடும். சில வார்ப்புகளிலேயே அச்சு உதிர்ந்துவிடுவதால், பிழைக்கு அங்கே இடம் குறைவு. வெள்ளியில் உருவங்களை அடித்துப் பதிக்கும் முத்திரை வேலைக்கான எஃகு அச்சுகளையும் அவனே அரத்தால் ராவி, சிவக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, மீண்டும் இளஞ்சூட்டில் பதப்படுத்துகிறான். உலோகவியல் என்று பெயரிட்டால் அண்ணன் மதிப்பாரோ என்னவோ!

இதைக் கற்பிக்கவும் இடமுண்டு. 1968இல் தொடங்கி இன்று டினே கல்லூரி எனப்படும் உங்கள் மக்களின் கல்லூரியில், நவீன நவஹோ வெள்ளி வேலையின் முன்னோடியான கென்னத் பிகே ஆசிரியராக இருந்தார். நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே நகரில் 1962 முதல், பழங்குடியினரின் கலைகளைக் கற்பிக்கும் அமெரிக்க இந்தியக் கலைக் கழகம் நடக்கிறது. பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாக விற்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருப்பதால், போலிகள் மலிந்த சந்தையிலும் அவனுடைய பெயர் முத்திரைக்குத் தனி மதிப்பு உண்டு.

வருமானம் மாதாமாதம் சீராக வராது. வெள்ளியையும் நீலப்பச்சைக் கல்லையும் முன்பணம் போட்டு வாங்கவேண்டும். ஆகவே கைத்தொழிலோடு வரவுசெலவுக் கணக்கும் படிக்கட்டும். இந்தக் கணக்கை அவன் வெறுக்கமாட்டான். பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். ஆகஸ்டில் சாண்டா ஃபேயில் கூடும் பழங்குடிக் கலைச் சந்தைக்கு அண்ணனையும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு காப்புக்கு எத்தனை நாள் உழைப்பு, எவ்வளவு வெள்ளி, என்ன விலை என்று கடை போட்டிருப்பவர்களிடம் அவரே கேட்கட்டும்.