தொட்டியில் வளரும் அத்திக்கு எந்தப் பருவத்தில் எவ்வளவு வெளிச்சம் தேவை?

ஒளித் தேவை என்பது, ஒரு செடி தனக்கான உணவைத் தயாரித்துக்கொள்ள ஒரு நாளில் எவ்வளவு நேரம், எவ்வளவு வலுவான வெளிச்சத்தைப் பெற வேண்டும் என்பதைக் குறிக்கும். பழம் தரும் அத்திக்கு, இலைகள் இருக்கும் காலம் முழுவதும், நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். இலையைச் சமையலறையாகவும் வெளிச்சத்தை அடுப்பின் நெருப்பாகவும் எண்ணிப் பாருங்கள்: நெருப்பு தணிந்தால் இலைகள் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனால் காய் திரண்டு இனிப்பேறுவதற்கு மிச்சம் எதுவும் இராது.

குளிர்காலத்தில் இலைகளை முழுவதும் உதிர்த்து உறங்கும் அத்திக்குச் சமையலறையே மூடியிருப்பதால், உறைபனி தாக்காத குளிர்ந்த இருட்டறையில் வைத்தாலும் கெடுதல் இல்லை. குளிர் குறைவாக இருந்து இலைகள் உதிராமல் நின்றால், வெயில் அப்போதும் தேவைப்படும்.

மிகுந்த கவனம் வேண்டிய கட்டம் வசந்தம்தான். துளிர்கள் தெரியத் தொடங்கியதும் செடியை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால், நிழலில் விரிந்த இலைகள் மென்மையானவை என்பதால், முதல் நாள் ஒரு மணி நேரக் காலை வெயிலில் தொடங்கி, 7 முதல் 10 நாட்களில் படிப்படியாக முழு வெயிலுக்குப் பழக்குங்கள். அவசரப்பட்டால் இலைகள் வெளுத்துக் கருகிவிடும். கோடையில் வெயிலைக் குறைப்பதைவிட, தொட்டி மண் காயாமல் நீர் ஊற்றுவதே முக்கியம்.

வெளிச்சமான அறை அத்திக்குப் போதும் என்று பலர் நம்புகிறார்கள். நம் கண்கள் மங்கலுக்குத் தம்மைப் பழக்கிக்கொள்வதால்தான் அறை பிரகாசமாகத் தோன்றுகிறது, உண்மையில் அங்குள்ள ஒளி வெட்டவெளி வெயிலில் மிகச் சிறு பங்கே.