கோல்ஃப் ஆடாதவருக்குப் பைன்ஹர்ஸ்டில் என்ன வேலை?

கேள்வி: மகன் வட கரோலினாவில் ராலே நகரில் வேலை பார்க்கிறான். ஏப்ரலில் நானும் மனைவியும் அவனிடம் போகிறோம். கோல்ஃபுக்குப் பேர்போன பைன்ஹர்ஸ்ட் ஊருக்கு இரண்டு நாள் போகலாம் என்கிறான். அவனுக்குக் கோல்ஃப் பைத்தியம். எங்களுக்கு மட்டையைப் பிடிக்கவே தெரியாது. மருமகள் கார் ஓட்டுவாள் என்பது ஒன்றுதான் ஆறுதல். அங்கே நாங்கள் என்ன செய்வது?

பதில்: மருமகள் கார் ஓட்டுவார் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. நானும் மட்டை பிடிக்காத ஆள்தான். அப்படியும் இரண்டு நாள் எனக்குப் போதவில்லை.

மகன் ஆட ஆரம்பித்தால் பதினெட்டுக் குழி முடிய நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவரை இறக்கிவிட்டு, பக்கத்து ஊரான சதர்ன் பைன்ஸில் உள்ள வேமவுத் வுட்ஸ் காட்டுக்குப் போய்விடுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. லாங்லீஃப் பைன் என்னும் நீண்ட ஊசியிலை மரங்கள். ஓர் இலை ஒரு அடிக்கு மேல்கூட இருக்கும். நான் போனபோது ஓரிடத்தில் தரையெல்லாம் கருகிக் கிடந்தது. காட்டில் தீப்பிடித்துவிட்டது என்று பதறிப்போய் வனக்காவலரிடம் சொன்னேன். “வைத்ததே நாங்கள்தான்” என்றார் அவர், சிரிக்காமல். அவ்வப்போது எரிக்காவிட்டால் மற்ற மரங்கள் மண்டி, இந்தப் பைன் கன்றுகளுக்கு வெயில் கிடைக்காதாம். கன்று முதல் சில வருஷம் புல் கொத்து மாதிரி தரையோடு கிடக்கும். நடுக்குருத்தை இலைகள் மூடியிருப்பதால் தீ மேலோடு போய்விடும். அங்கே 1548-இல் முளைத்ததாகக் கணக்கிட்ட மரம் ஒன்று இன்னும் உயிரோடு நிற்கிறது. கேட்டு வழி தெரிந்துகொண்டு போய்ப் பாருங்கள்.

கால்செருப்பில் ஏறும் மணலைத் திட்டாதீர்கள். கோல்ஃப் அங்கே வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்: மழை நின்ற கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். மரம் வெட்டிப் பாழாய்க் கிடந்த அந்த மணல் காட்டை, சோடா இயந்திர வியாபாரத்தில் பணம் பார்த்த ஜேம்ஸ் டஃப்ட்ஸ் 1895-இல் வாங்கினார். நினைத்தது உடம்பு தேற வருகிறவர்களுக்கான ஊர். வந்தவர்கள் மாட்டுப் பண்ணையில் பந்தடித்துப் பசுக்களைத் தொந்தரவு செய்ததால்தான் மைதானமே போட்டார் என்று ஊரில் கதை சொல்வார்கள். பிறகு கோல்ஃப் மைதானங்கள் வடிவமைக்கும் டானல்ட் ராஸ் வந்து, 1907-இல் புகழ்பெற்ற இரண்டாம் எண் மைதானத்தை அமைத்தார். அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டி நான்கு முறை நடந்த இடம் அது, கடைசியாக 2024-இல்.

மாலையில் ஊருக்குள் நடங்கள். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்த ஓம்ஸ்டெட்டின் நிறுவனம் போட்ட தெருக்கள். ஒன்றுகூட நேராக இருக்காது. நான் ஒரே தேவாலயத்தை மூன்று முறை கடந்தேன். கோல்ஃப் வீரர் பேய்ன் ஸ்டூவர்ட் சிலையையும் பாருங்கள்: ஒரு காலைத் தூக்கி, முஷ்டியை நீட்டி நிற்பார். 1999 ஓப்பனைக் கடைசிப் பந்தில் வென்றவர், நாலே மாதத்தில் விமான விபத்தில் போய்விட்டார். அந்த ஆட்டம் புரியாத எனக்கே அங்கே நிற்கத் தோன்றியது.

அப்புறம், ஏப்ரல் தொடக்கத்தில் பைன் மகரந்தம் மஞ்சள் மாவாகப் பறக்கும். காரைத் துடைத்து மாளாது. மனைவிக்குத் தும்மல் தொந்தரவு உண்டென்றால் மாதக் கடைசியில் போங்கள்.